பெரிய கொடுவாவில் ஆண் மீனே கிடையாதா?

கழிக்கரையான்:
வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி இது. எங்கள் ஊர் பழவேற்காடு. வேலைக்காகச் சென்னையில் இருக்கிறேன், ஆனால் மாதம் ஒரு முறையாவது ஊருக்குப் போய்விடுவேன். மாமா இன்னும் வலை போடுகிறார். போன ஞாயிறு அவர் வலையில் ஒரு கொடுவா விழுந்தது. தராசில் பதினொன்றே கால் கிலோ.

ஏலத்துக்குப் போகும் முன் கொஞ்ச நேரம் படகிலேயே கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஆசை தீரப் பார்த்தேன். முதுகு பச்சை கலந்த சாம்பல் நிறம், விலா முழுக்க நாணயம் அடுக்கினது போல வெள்ளிச் செதில். கண்ணுக்கு மேலே நெற்றி உள்வாங்கியிருப்பதால் முதுகு கூன் போட்டது போலத் தெரிகிறது. கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. வாயைத் திறந்தால் என் முஷ்டி உள்ளே போகும். இவ்வளவு பெரிய வாயில் ஒரு கோரைப்பல்கூட இல்லை. விரலால் தடவினேன், உப்புத்தாளைத் தடவுவது போலச் சொரசொரவென்று இருந்தது.

வாங்கிய வியாபாரி அங்கேயே வயிற்றைக் கிழிக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் மஞ்சள் சினை. மாமா சொன்னார்: "பெருங்கொடுவான்னா சினைதான்டா. நாப்பது வருஷத்துல பெரிய மீன்ல ஆம்பளைய நான் பாத்ததே இல்லை."

அப்படியானால் ஆண் மீனெல்லாம் எங்கே? கடலிலேயே தங்கிவிடுகிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தூண்டில்காரன்:
நல்ல கேள்வி அண்ணா. நான் கோவளம், முட்டுக்காடு பக்கம் தூண்டில் போடுகிறவன். எனக்குக் கிடைப்பதெல்லாம் ஒன்றரை, இரண்டு கிலோதான், அதில் சினை பார்த்ததே இல்லை. வளராத மீன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளாற்றங்கரை:
நான் பரங்கிப்பேட்டையில் கடல்வாழ் உயிரியல் படித்தவள். உங்கள் மாமா பார்த்தது முழுக்கச் சரி. ஆண் மீன் எங்கேயும் போய் ஒளிந்துகொள்ளவில்லை. உங்கள் படகில் கிடந்த அந்தப் பதினொன்றே கால் கிலோ மீனே சில வருடங்களுக்கு முன் ஆணாக இருந்திருக்கும்.

கொடுவா முதலில் ஆணாக முதிர்கிறது. மூன்று, நான்கு வயதில், ஏறக்குறைய இரண்டடி நீளத்தில், விந்து உண்டாகிறது. அப்படியே ஓரிரு பருவம் முகத்துவாரத்துக்கு வந்து போகும். பிறகு ஆறு முதல் எட்டு வயதுக்குள், மூன்றடியை நெருங்கும்போது, அதே மீனின் விந்துப்பை சூற்பையாக மாறிவிடுகிறது. மிச்ச வாழ்நாள் முழுக்க அது பெண்தான், திரும்பி ஆணாவதில்லை. அதனால்தான் பெரிய மீனை வெட்டும்போதெல்லாம் சினை. நூற்றுக்கு நூறு இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. ஆணாக இல்லாமல் நேரடியாகப் பெண்ணாக முதிர்ந்த மீன்களும் ஆசியப் பகுதியில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் பொதுவான வழி ஆணிலிருந்து பெண்.

தூண்டில்காரன் தம்பி, உங்கள் இரண்டு கிலோ மீன்கள் முதிரும் தறுவாயில் இருக்கும் ஆண்கள். முட்டை இல்லாததால் "வளராதது" என்று நினைத்துவிட்டீர்கள்.

தூண்டில்காரன்:
அக்கா, உண்மையிலேயே ஆடிப்போய்விட்டேன். பத்து வருடமாக இந்த மீனின் பின்னால் சுற்றுகிறேன், இது தெரியாது. ஏன் அப்படி மாற வேண்டும்?

வெள்ளாற்றங்கரை:
முட்டை போட உடம்பு வேண்டும். விந்துக்கு அவ்வளவு இடம் தேவையில்லை, சின்ன மீனே போதும். முட்டை அப்படியில்லை. வயிறு பெரிதாக இருந்தால்தான் லட்சக்கணக்கில், நல்ல பெரிய தாய் மீனில் கோடிக்கணக்கில்கூட, சுமக்க முடியும். ஒரு முட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, முக்கால்தான். அதில் குஞ்சாகி, மற்ற மீன்களின் வாய்க்குத் தப்பி, முதிர்ந்த மீனாவது எத்தனை என்று நினைத்துப் பாருங்கள். எண்ணிக்கையால்தான் ஈடு கட்ட முடியும். எனவே சின்ன வயதில் ஆண், பெரிய உடம்பு வந்த பிறகு பெண்.

கழிக்கரையான்:
அக்கா, நன்றி. இதை மாமாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்போ நான் பிடிச்ச பெரிய மீன் பூரா தாய் மீனா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

இன்னொன்று. எங்கள் ஏரியில் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் வருடங்களில் கொடுவா நன்றாகவே குறைகிறது, அடுத்த சில வருடங்களுக்கும் அந்தக் குறை தெரிகிறது என்று மாமா சொல்கிறார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

வெள்ளாற்றங்கரை:
நிச்சயமாக உண்டு. கொடுவாவின் வாழ்க்கை முழுக்க அந்த ஏரி வாயை, முகத்துவாரத்தை, நம்பித்தான் இருக்கிறது. முட்டை பொரிய நல்ல உப்பு வேண்டும், கிட்டத்தட்ட கடல் உப்பு. அதனால் ஆற்றிலும் உப்பங்கழியிலும் வளர்ந்த மீன் முட்டையிட முகத்துவாரத்துக்கு இறங்கி வரும். பருவமழையை ஒட்டிய மாதங்களில், அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில், இருட்டிய பிறகு முட்டையிடும். முட்டை மிதக்கும். நம் ஊர் வெப்பத்தில் 17, 18 மணி நேரத்தில் பொரித்துவிடும். ஏறும் தண்ணீர் குஞ்சுகளை உள்ளே தள்ளிக்கொண்டு போகும். அலையாத்தி வேர், புல் முளைத்த சேறு, மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளம், இங்கேதான் குஞ்சு தலையெடுக்கும். அந்த வயதில் பார்த்தால் கொடுவா என்றே நம்ப மாட்டீர்கள். பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டாக, உச்சந்தலையில் திருநீற்றுக் கீற்று போல ஒரு வெள்ளைக் கோடு இருக்கும்.

வாய் அடைத்துக்கொண்டால் தாய் வெளியே போக முடியாது, குஞ்சு உள்ளே வர முடியாது. இந்த வருடம் உள்ளே வராத குஞ்சுதான் மூன்று வருடம் கழித்து வலையில் இல்லாத மீன். மாமாவின் கணக்கு சரி.

குளத்துக்காரர்:
சீர்காழி பக்கம் உவர்நீர்க் குளம் வைத்திருக்கிறேன். முன்பு இறால் மட்டும் போட்டேன், ஆறு வருடமாக ஒரு குளத்தில் கொடுவா. இந்த மீனின் இன்னொரு குணத்தையும் சொல்கிறேன்.

இது தன் இனத்தையே தின்னும். பசித்தால் மட்டும் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பது தன்னைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால் போதும், வாயில் போட்டுக்கொள்ளும். தன் நீளத்தில் பாதிக்கு மேல் நீளமுள்ள குஞ்சையும் விழுங்கப் பார்க்கும். முதல் வருடம் ஒரு விரல் நீளக் குஞ்சாக வாங்கி, குளத்துக்குள் கூண்டு போலக் கட்டும் ஹாப்பா வலையில் விட்டேன். நான்காம் நாள் காலை போய்ப் பார்க்கிறேன், ஒரு குஞ்சு செத்து மிதக்கிறது, அதன் வாயிலிருந்து இன்னொரு குஞ்சின் வால் நீட்டிக்கொண்டிருக்கிறது. விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் இரண்டும் செத்திருந்தன. அன்றைக்குத்தான் எனக்குப் பாடம் ஆரம்பம். எண்ணிப் பார்த்தபோது விட்டதில் பாதிகூட இல்லை. செத்து மிதந்தவை சொற்பம், மற்றதெல்லாம் கூடப் பிறந்தவற்றின் வயிற்றில்.

அதிலிருந்து மூன்று நாளைக்கு, நான்கு நாளைக்கு ஒரு முறை எல்லாவற்றையும் அள்ளி, சின்னது, நடுத்தரம், பெரியது என்று பிரித்து வேறு வேறு ஹாப்பாவில் விடுகிறோம். வீட்டுக்காரம்மாவுக்கு இதில் கை ரொம்பச் சுத்தம், ஒரு பார்வையிலேயே பிரித்துவிடுவார். நான்கு விரல் நீளம் தாண்டிக் குளத்தில் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

நான் வாங்குவது பொரிப்பகத்துக் குஞ்சு. சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் முட்டுக்காட்டு நிலையத்தில் 1997-இல் கொடுவாவை இனப்பெருக்கம் செய்ய வைத்தது, இந்தியாவில் அதுதான் முதல். அதற்கு முன் குஞ்சு வேண்டுமென்றால் கழியில் அரித்துப் பிடித்துத்தான் வர வேண்டும். அங்கே பயிற்சிக்குப் போனபோது தாய் மீனைப் பார்த்தேன். மெல்லிய குழாயைச் சூற்பைக்குள் விட்டுக் கொஞ்சம் முட்டையை உறிஞ்சி எடுத்து, நுண்ணோக்கியில் அளந்து, அளவு சரியாக இருந்தால் மட்டும் ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண். அந்த இரண்டும் பெண்ணின் பாதி எடைகூட இருக்காது. அன்று அது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை, இந்த இழையைப் படித்த பிறகுதான் புரிகிறது.

மீன்குழம்பு பிரியை:
குளத்துக்காரர் அண்ணா, குளத்துக் கொடுவாவுக்கும் ஏரிக் கொடுவாவுக்கும் ருசி வித்தியாசம் உண்டா? எனக்குச் சில நேரம் சேற்று வாடை அடிக்கிறது.

குளத்துக்காரர்:
தண்ணீர் சரியாக மாற்றாத குளமாக இருந்தால் வாடை வரும். பிடிப்பதற்கு முன் சுத்தமான உப்புத் தண்ணீரில் சில நாள் தீவனம் போடாமல் வைத்திருந்தால் போய்விடும், ஆனால் எல்லோரும் அவ்வளவு பொறுமையாகச் செய்வதில்லை. குளத்து மீனுக்கு வயிற்றுக் கொழுப்பு அதிகம், வறுவலுக்கு அருமை. மாங்காய் போட்ட குழம்புக்கு நான் ஏரி மீனைத்தான் சொல்வேன், சதை இறுக்கமாக இருக்கும். தலையை வீணாக்காதீர்கள் தங்கச்சி, கன்னத்துச் சதைக்கு ஈடு கிடையாது.

ஏரிப்பாசனம்:
எங்கள் ஊர் நன்னீர் ஏரியில் கொடுவாக் குஞ்சு விடலாமா? உப்பில்லாத தண்ணீரிலும் வளரும் என்கிறார்களே?

குளத்துக்காரர்:
நன்றாகவே வளரும். ஆனால் உங்கள் ஏரியில் இருக்கும் கெண்டைக் குஞ்சு, விரால் குஞ்சு எல்லாவற்றையும் தின்றுதான் வளரும். தயவுசெய்து செய்யாதீர்கள். கொடுவாவின் பங்காளி ஒன்று, நைல் நதி மீன், 1950களில் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் விடப்பட்டது. அங்கே மட்டுமே இருந்த சின்ன மீன் இனங்கள் நூற்றுக்கணக்கில் அழிந்துபோனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நம் கொடுவா நன்னீரில் இனம் பெருக்காது, அதற்கு உப்பு வேண்டும். அதனால் அந்த அளவுக்குப் போகாது. இருந்தாலும் விட்ட மீன் இருக்கிற வரை தின்றுகொண்டேதான் இருக்கும்.

மட்டக்களப்பு வாவி:
வணக்கம். எங்கட பக்கமும் கொடுவாதான், சிங்களத்தில் மோதா. வாவியில் இரவில் டார்ச் அடித்தால் கண் நெருப்புத் துண்டு மாதிரிச் சிவப்பாய் மின்னும். சின்ன வயதில் அப்பாவோடு தோணியில் போகும்போது கண்டால், "அசையாதே, பார்த்துக்கொண்டிருக்கு" என்பார்.

ஒரு விசயம் சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை எல்லாம் ஒரே கொடுவா என்றுதான் கனகாலம் எழுதி வந்தவை. 2012-இல் ரோஹன் பெத்தியாகொட, அந்தோனி கில் இருவரும் அளந்து பார்த்து, இலங்கையின் மேற்குக் கரையிலிருந்து ஒன்று, மியான்மரிலிருந்து ஒன்று என இரண்டு புது இனங்களைப் பிரித்து எழுதினார்கள். எங்கட நாட்டு இனத்துக்கு 'லக்திவ' என்று பெயர். மற்றதைவிட உடம்பு கொஞ்சம் ஒல்லி. வெளியிலிருந்து குஞ்சு கொண்டுவந்து வளர்க்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேணும். தப்பி வாவிக்குள் போனால் எது எதென்று பிறகு பிரிக்க ஏலாது.

வெள்ளாற்றங்கரை:
கண்ணுக்குள் பின்பக்கத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு, பூனைக் கண் போல. மங்கின வெளிச்சத்திலும் கலங்கல் தண்ணீரிலும் இரை அதற்குத் தெரியும். இனப் பிரிவு பற்றிச் சொன்னதற்கு நன்றி அண்ணா. குஞ்சு எந்த ஊர்த் தாய் மீனிலிருந்து வந்தது என்று வாங்குகிறவர்கள் கேட்டே ஆக வேண்டும்.

தூண்டில்காரன்:
வேட்டையாடும் விதம் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், அதை மணிக்கணக்கில் நின்று பார்த்திருக்கிறேன்.

கொடுவா துரத்தி ஓடும் மீன் இல்லை. வஞ்சிரம் போல நீண்ட தூரம் விரட்டாது. ஒளிந்து நிற்கும். பாலத்துத் தூண், கவிழ்ந்த மரம், கல்லு, மதகு, ஏதாவது ஒன்றின் மறைவில், ஓட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல். தண்ணீர் வற்ற ஆரம்பித்ததும் ஓடை ஓடையாக இறாலும் பொடி மடவையும் பெரிய கழிக்கு இறங்கும். அந்த நேரம்தான் அதற்குச் சாப்பாட்டு நேரம். தூணின் நிழல் விழும் கோட்டில், வெளிச்சமும் இருட்டும் சேரும் இடத்தில் நிற்கும். இரை வெளிச்சத்தில் இருக்கும், இது இருட்டில் இருக்கும்.

கடிக்காது, உறிஞ்சும். வாயையும் செவுளையும் ஒரே நொடியில் விரித்தால் இறால் தண்ணீரோடு உள்ளே போய்விடும். மேல்மட்டத்தில் எடுத்தால் 'டொப்' என்று ஒரு சத்தம், குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கினது போல. ஒருநாள் இரவு பாலத்தடியில் மூன்று மணி நேரம் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு மீன்கூட என் தூண்டிலைத் தொடவில்லை, ஆனாலும் கிளம்ப மனசே வரவில்லை.

புதிதாகப் பிடிப்பவர்களுக்கு ஒன்று: செவுள் மூடியில் கை வைக்காதீர்கள். ஓரம் அரம் மாதிரி இருக்கும், கீழே ஒரு முள் உண்டு. எனக்கு ஆள்காட்டி விரலில் நான்கு தையல். மெல்லிய தங்கூசியையும் (தூண்டில் நைலான் நரம்பு) அதுதான் அறுக்கிறது. தாவித் தலையை உதறும்போது தங்கூசி செவுள் மூடியில் உரசி அறுந்துபோகும்.

கெய்ர்ன்ஸ் வாசி:
ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் கெய்ர்ன்ஸ் நகரில் இருக்கிறேன், சொந்த ஊர் தூத்துக்குடி. இங்கே நம் கொடுவாதான் பாரமுண்டி. இந்த மாநிலத்துப் பழங்குடிகளின் சொல் அது, பெரிய செதில் உள்ள ஆற்று மீன் என்று பொருள். இங்கே அதற்குக் கிடைக்கும் மரியாதையைப் பார்த்தால் நம் ஊரில் ஏன் இப்படி இல்லை என்று ஏக்கமாக இருக்கும்.

கழிக்கரையான் தம்பியின் மாமா கேட்ட கேள்விக்கு இங்கே சட்டமே பதில் சொல்கிறது. 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த மீனை எடுக்கக் கூடாது, ஒரு முறையாவது ஆணாக விந்து விடட்டும் என்று. 120 சென்டிமீட்டரைத் தாண்டியதையும் எடுக்கக் கூடாது, அது தாய் மீன். நடுவில் இருப்பதை மட்டும் எடுக்கலாம். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி முதல் தேதி வரை பிடிக்கவே கூடாது, முட்டையிடும் காலம். குஞ்சு விட்டு வளர்க்கும் சில அணைகளில் மட்டும் 120-க்கு மேல் ஒரு மீன் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்து டினாரூ ஏரி அப்படிப்பட்டது. அங்கே அடைபட்ட மீன் கடலுக்குப் போய் முட்டையிட வழியே இல்லை. அதனால்தான் அந்த விலக்கு. மீனின் குணத்தைப் படித்து எழுதின சட்டம் இது. நம் ஊருக்கும் வர வேண்டும்.

கழிக்கரையான்:
அண்ணா, நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது, ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் தூண்டிலில் பிடித்தவர் கொக்கியைக் கழற்றித் திரும்ப விடலாம். என் மாமா போடுவது செவுளில் மாட்டும் வலை. விடிகாலை வலையை இழுக்கும்போது மீன் பாதி செத்திருக்கும். அதைத் தண்ணீரில் போட்டால் தாய் மீனும் பிழைக்காது, மாமா வீட்டு அடுப்பும் எரியாது. அந்தப் பதினொன்றே கால் கிலோ மீனில்தான் அத்தை மகளின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கு போனது. கரையில் நின்று "விட்டுவிடு" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

61 நாள் தடைக்காலமும் இதற்கு உதவாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நிற்பது விசைப்படகுகள். கழியில் கொடுவா முட்டையிட இறங்கும் காலம் வேறு, அங்கே வலை போடுவது சின்னப் படகுகள்.

கெய்ர்ன்ஸ் வாசி:
தம்பி, நீங்கள் சொல்வது சரி. இங்கே பொழுதுபோக்குக்குப் பிடிப்பவர்கள் அதிகம், நான் அதை வைத்துப் பேசிவிட்டேன். அங்கே அது வயிற்றுப்பாடு. ஆனால் தாய் மீன் தீர்ந்துபோனால் மாமாவுக்குத்தானே முதல் நஷ்டம்? வேறு வழி ஏதாவது இருக்க வேண்டும்.

வெள்ளாற்றங்கரை:
நான் வேறு மாதிரி யோசிக்கிறேன். மீனை அளந்து விடச் சொல்வதை விட்டுவிட்டு, இடத்தையும் நாளையும் பார்ப்போம். தாய் மீன் கூடுவது ஒரே இடத்தில், முகத்துவாரத்தில். கூடும் நாளும் தெரியும், அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய சில இரவுகள். அந்தப் பருவத்தில், அந்த இரவுகளில் மட்டும் வாயின் குறுக்கே வலை கட்டாமல் இருந்தால் போதும். ஏரிக்குள் தொழில் வழக்கம்போல நடக்கலாம். யாருடைய அடுப்பும் அணையாது.

பழவேற்காட்டில் பாடு முறை இருக்கிறது. யார், எங்கே, எந்த நாளில் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்கிறார்கள். இடத்தையும் நாளையும் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு கட்டுப்பாடாக இருக்கத் தெரிந்த ஊர் அது. வெளியிலிருந்து ஒரு சட்டம் வருவதைவிட அந்தப் பேச்சுக்குள் இது போவதுதான் எனக்கு நம்பிக்கையாக இருக்கிறது. இதில் மீனவரின் பங்கு ஒரு பாதிதான். வாய் தூராமல் பார்ப்பதும், கழிவுத் தண்ணீரைக் கழியில் கொட்டாமல் இருப்பதும், சதுப்பை மண் போட்டு மூடாமல் இருப்பதும் அவர் கையில் இல்லை. எண்ணூரில் கழிவெளியும் கழியும் என்ன ஆகிவிட்டன என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கேள்வி கேட்க வேண்டியது வேறு இடத்தில்.

மட்டக்களப்பு வாவி:
அக்கா சொன்னது எனக்கும் சரியாய்ப் படுகிறது. வாவியின் வாயை எப்போது வெட்டித் திறப்பது என்று எங்கட பக்கம் வருசா வருசம் வாக்குவாதம். வயல்காரருக்கு ஒரு கணக்கு, மீன்காரருக்கு ஒரு கணக்கு. மீனின் கணக்கையும் ஆராவது அந்தக் கூட்டத்தில் சொல்ல வேணும்.

கழிக்கரையான்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். இந்த இழை முழுவதையும் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். உறிஞ்சும் சத்தத்தைப் பற்றித் தூண்டில்காரன் எழுதியதைக் கேட்டு "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டினார். பாடு பற்றி எழுதியதற்கு உடனே ஒன்றும் சொல்லவில்லை. முகத்துவாரத்தில் அந்த இரவுகளில்தான் நல்ல மீன், அதை எல்லோரும் விடுவார்களா, நான் விட்டு இன்னொருத்தன் கட்டினால் என்ன செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஊரில் பெரியவர்கள் இரண்டு பேரிடம் பேச்சைப் போட்டிருக்கிறார் என்று அத்தை சொன்னார்.

நேற்று நான் ஊரில் இருந்தேன். வலையில் மடவை, ஊடான், கூடவே ஒரு கொடுவா, இரண்டே முக்கால் கிலோ. வீட்டுக்கென்று எடுத்து வைத்துவிட்டார். அத்தை அரிவாள்மணையில் வயிற்றைக் கிழித்ததும் மாமா குனிந்து, குடலை ஓரமாக ஒதுக்கி, முதுகெலும்பை ஒட்டி இரண்டு பட்டை வெள்ளையாக இருப்பதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். விரலால் அழுத்தினார். பால் மாதிரி கசிந்தது. இத்தனை வருடம் குடலோடு சேர்த்துக் காக்கைக்குப் போட்டது. "இதாடா அது?" என்று என் பக்கம் கையை நீட்டினார்.